நாலாவது திட்டு

“இன்னா கொயம்பு இது? கயனித் தண்ணிகூட இத்தவிட நல்லா இருக்கும்!”

எழில்மொழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான ஆறு வருஷத்தில் மாமியார் அம்மு சத்தம் போட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை.

“இன்னாத்தே, நேத்து இதே சங்கரா மீன் கொயம்ப ரெண்டு தபா ஊத்திக்கினீங்களே?”

“எதிர்த்துப் பேசாத! லேப்டாப்பத் தட்டிக்கினு ஒக்காந்தா அடுப்ப யாரு பாக்குறது? எம் புள்ள காட்டுப்பள்ளி துறைமுகத்துல வெயில்ல வேவுறான். நீ ஃபேனுக்கு அடியில கதை எழுதிக்கினு கீற!”

மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு, எதிர்வீட்டு எல்சியிடம் போய்விட்டாள் அம்மு.

எழில்மொழிக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இன்றைக்குப் பார்த்துத்தானா இப்படி? காலையில்தான் டிவி சீரியல் டைரக்டர் போனில் காய்ச்சி எடுத்திருந்தார். அவள் வசனம் எழுதும் முதல் சீரியல் அது.

“மாமியார் மருமகள் சண்டை கேட்டா, தாலாட்டு எழுதி அனுப்பியிருக்கியேம்மா! சாயங்காலத்துக்குள்ள சரியா வரலேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

அம்மாவிடம் சொல்லி அழலாமென்றால் அவளும் இல்லை. எழில்மொழிக்கு ஏழு வயதிருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஆத்திரத்தோடு லேப்டாப்பைத் திறந்தாள். மாமியார் பேசியதை அப்படியே எழுதினாள். தான் பேச நினைத்து விழுங்கியதையெல்லாம் மருமகள் வாயில் வைத்துக் கொட்டித் தீர்த்தாள்.

நாலு மணிக்கு டைரக்டரே கூப்பிட்டார். “இதாம்மா சண்டை! இனிமே சீரியல் முழுக்க நீதான் எழுதற.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் அம்மு. முகமெல்லாம் சிவந்திருந்தது. கையில் கசங்கிய காகிதம்.

“இன்னா சொன்னாரு அந்தாளு? காலைல அவரு கத்துனது எனக்குங் கேட்டுச்சு. எனக்கு எங்க திட்டத் தெரியுது? எல்சியாண்ட எழுதி வாங்கி மனப்பாடம் பண்ணேன். ரொம்பப் பேசிட்டனா கண்ணு?”

எழில்மொழிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். நாலு திட்டுகள். மூன்று அவள் வாங்கியவை. நாலாவதை, ‘தாயில்லாமல் வளர்ந்தவள்தானே நீ’ என்பதை, காகிதம் கிழிகிற அளவுக்குப் பேனாவால் அடித்திருந்தாள் அம்மு.

“இத்த மட்டும் ஏன் அத்தே வுட்டுட்டீங்க?”

“அதுக்குத்தான் எல்சியாண்ட நெசமாவே சண்ட போட்டுட்டு வரேன். நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் கீறப்ப, அது இன்னா பேச்சு?”