லூமெய்யின் தட்டு

வூஹான் ஆய்வுக்கூடத்தில் வென்ஜிங் ஏழு வருடமாகச் செலீனியம் புரதத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். கதிர்வீச்சில் அறுந்த டிஎன்ஏவை அந்தப் புரதம் ஒட்டவைக்கும் என்று நம்பினாள். ஆனால் அவளுடைய செல்கள் செத்துக்கொண்டே இருந்தன. போன வருடம் சேர்ந்த லூமெய் செல் வளர்த்த தட்டில் மட்டும் அறுந்ததெல்லாம் ஒட்டிக்கொண்டது.

"எல்லாம் கைராசிதான், அக்கா!" என்று சிரித்தாள் லூமெய். வென்ஜிங்குக்கு வயிறு எரிந்தது.

லூமெய் ஊருக்குப் போன திங்கட்கிழமை காலை, வென்ஜிங் அந்தத் தட்டில் பிளீச் ஊற்றிக் குப்பையில் போட்டாள். பிறகு கை கழுவிவிட்டு நூடுல்ஸ் சாப்பிடப் போனாள்.

வெள்ளிக்கிழமை லூமெய் திரும்பினாள். செல் வளர்க்கும் பெட்டியைத் திறந்து அதே தட்டை வெளியே எடுத்தாள்.

"ஒண்ணுகூட சாகலையே! நீங்கதானே பார்த்துக்கிட்டீங்க?"

"நானா?"

"பின்ன யாரு? இது உங்க கையெழுத்தாச்சே!"

செவ்வாய், புதன், வியாழன். செல்களுக்கு ஊட்டக் கரைசல் மாற்றிய நாட்கள் தட்டின் மூடியில் வென்ஜிங்கின் கையெழுத்தில் வரிசையாக இருந்தன. அவள் கைகூட லூமெய்க்குத்தான் வேலை செய்திருந்தது.

"ஆமா, நான்தான்" என்றாள்.

மதியம் தனியாக வந்து மூடியை மறுபடியும் பார்த்தாள். கீழே நாளைய சனிக்கிழமையும் அதே கையெழுத்தில் எழுதியிருந்தது. அவள் விரல் பட்டதும் இன்னும் காயாத மை கலைந்தது.