நூற்றைந்து சென்டிமீட்டர்

குழாய்க்கு அவள் கை எட்டவில்லை.

அவன் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். கணினித் திரையில் ஒரு வீடு, கூரையைக் கழற்றி வைத்தது மாதிரி. குளியலறை, வாஷிங் மெஷின், சமையலறைச் சுவரில் தண்ணீர் ஃபில்டர். ‘நான்கு பேர் வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர்?’ ஞாயிறு இணைப்பிதழின் நடுப்பக்கத்துக்கு விளக்கப்படம்.

ஒவ்வொரு குழாயையும் த்ரீடியில் உட்கார்ந்து இழைத்திருந்தான். ஃபில்டர் குழாய்க்குக் கை நீட்டும் சிறுமியின் உருவத்துக்கு மட்டும் மெனக்கெடவில்லை. அது ஏற்கெனவே அவனிடம் இருந்தது.

மகளை வைத்துச் செய்தது. கதவோரம் நிறுத்தி, டேப் பிடித்து அளந்தான். நூற்றைந்து சென்டிமீட்டர். அசையாமல் நின்றதற்கு ஒரு குச்சி ஐஸ் லஞ்சம்.

அன்று அவளுக்கு ஐந்து வயது.

இணைப்பிதழ் ஆசிரியர் போனில் சிரித்தார். “படத்துல பொண்ணுக்கு ஏழு வயசுன்னு எழுதியிருக்கீங்க சார். ஏழு வயசுப் புள்ளைக்கு ஃபில்டர் குழாய் எட்டாதா? உயரத்த மட்டும் மாத்தி சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க.”

சின்ன வேலைதான். உயரம் என்ற கட்டத்தில் எண்ணை மாற்றினால் போதும்.

எந்த எண்?

மகள் அம்மாவோடு திருச்சிக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிறுதோறும் வீடியோ காலில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். விழுந்த பல் தெரியும். முளைத்த பல் தெரியும். திரை முழுக்க முகம்தான்.

கழுத்துக்குக் கீழே மகள் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது.

இன்றைக்குத்தான் அது உறைத்தது.

கடைசியில் இணையத்தில் வளர்ச்சி அட்டவணையைத் தேடி, ஏழு வயதுச் சராசரியைப் போட்டான். ஊரார் பிள்ளைகளின் சராசரி. நூற்று இருபது.

உருவம் சட்டென்று வளர்ந்தது. கை குழாயைத் தொட்டது.

அனுப்பிவைத்தான். பதிலுக்கு ஆசிரியர் கட்டைவிரல் உயர்த்திய எமோஜி ஒன்றை அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பத்திரிகை பிரிக்காமல் கிடந்தது. அவன் போனைத் தண்ணீர் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு மகளை அழைத்தான். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

“போனை மேசைல நிறுத்தி வச்சிட்டுக் கொஞ்சம் பின்னாடி போ பாப்பா.”

முகம் சின்னதானது. தோள் வந்தது. பாவாடை வந்தது.

பாதம் வரவில்லை. இன்னும் என்று கை காட்டினான்.

அவள் சுவர் வரைக்கும் போய்விட்டாள். குரல் மெலிதாகத்தான் கேட்டது.

“இன்னும் தூரமா போகணுமாப்பா?”