மாப்பிள்ளைக்குத் தெரியாமல்

"இதுக்கு முன்னாடி உடம்புல எங்கேயாவது கட்டி வந்திருக்கா?"

டாக்டர் கேட்டது மகளிடம். முந்திக்கொண்டு பதில் சொன்னது அம்மா.

"அதெல்லாம் ஒண்ணுமே இல்ல டாக்டர். வெறும் முதுகுவலிதான்."

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையும், "ஆமா டாக்டர், ஒண்ணும் இல்ல" என்றார். அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாத்திரை, தைலம், இடுப்பு பெல்ட் என்று மாதங்கள் ஓடின. ஒரு காலை மகள் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தாள். கால்கள் அசையவில்லை.

ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மார்புல முன்னாடி வந்த புற்றுநோய்க் கட்டி முதுகெலும்புக்குப் பரவியிருக்கு. இப்பல்லாம் நல்ல வைத்தியம் இருக்கு, குணமாகி ரொம்ப வருஷம் நல்லா வாழறாங்க. அதனாலயே பின்னாடி முதுகுல இப்படி வர்றதையும் அதிகமா பார்க்கறோம். அன்னைக்கே சொல்லியிருந்தா உடனே ஸ்கேன் எடுத்து, நடக்க வெச்சிருப்பேன். இனிமே கஷ்டம்."

வராந்தாவில் அம்மா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே கட்டி எடுத்தாச்சு தம்பி. தழும்பைக் கேட்டா சின்ன வயசுக் கொப்புளம்னு சொல்லச் சொன்னதும் நான்தான். தெரிஞ்சா அவளை விட்டுடுவீங்களோன்னு பயந்தேன்."

மாப்பிள்ளை சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே அவ எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டா அத்தை. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அம்மா தாங்க மாட்டாங்க, காட்டிக்கவே கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா. அன்னைக்கு நீங்க பக்கத்துல நின்னீங்க. அதான் நானும் ஆமாம் போட்டேன்."