போத்தலில் ஒரு கெளிறு

"போமலின் எண்டு எழுதியிருக்கே, சேர். அப்ப இது எனக்கு உதவாது."

ஞானமலர் கையிலிருந்த கண்ணாடிப் போத்தலை ஆய்வுகூட மேசையில் வைத்தாள். உள்ளே, அழுகாமல் காக்கும் திரவத்தில், ஒரு கெளிறு மீன். வாவி முழுக்க வலை போட்டும் இப்போது கிடைக்காத இனம். இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான், பல்கலைக்கழகத்திலிருந்து புறப்பட்டு, இரண்டு இராணுவச் சென்றிகளில் பையைக் கொட்டிக் காட்டி, படகுத்துறையில் வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்கு வந்திருந்தாள்.

"ஏன் புள்ள உதவாது? அழுகாம அப்பிடியே கிடக்கே," என்றார் பள்ளிக்கூட அதிபர் ஜெயராஜா.

"அழுகாது சேர். ஆனா எனக்குச் சதைக்குள்ள இருக்கிற டி.என்.ஏ. வேணும். போமலின் அதைத் துண்டு துண்டாக்கிப் போடும். ஸ்பிரிட்டில, அதான் மதுசாரத்தில, போட்டிருந்தா எடுத்திருக்கலாம். இது தனி இனமா இல்லையா எண்டு சொல்ல வேற மீனும் இல்ல. என்ட மூண்டு வருச வேலை இதோட சரி."

பையை இழுத்து மூடினாள்.

அதிபர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்பிரிட் என்ற சொல்லே மனுசனுக்குப் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தாள். மதுவிலக்குச் சங்கத் தலைவர் ஆயிற்றே! எந்தப் பற்றைக்குள் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் காய்ச்சினாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பானையை உடைத்துவிட்டுத்தான் அவருக்கு மறுவேலை. சுற்றுவட்டாரத்துக் குடிகாரர்கள் அவரைத் திட்டாத திட்டில்லை.

"அப்ப வாறன் சேர்." பையைத் தோளில் போட்டாள்.

"நில்லு புள்ள."

அதிபர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

"நான் ஒண்டு சொன்னா வெளியில போகாதே?"

"போகாது சேர்."

"தொண்ணூத்திரண்டில இந்த மீன் வலையில படக்குள்ள, போமலின் ஒரு சொட்டும் சென்றி தாண்டி வரல்ல. லேபிள் ஊருக்காக எழுதினது. அண்டையிலிருந்து இது கிடக்கிறது கசிப்பில. நெருப்பு வச்சாப் பத்துற முதல் வடி."

ஞானமலர் பாய்ந்து போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் சந்தேகம் வந்தது.

"உங்களுக்குக் கசிப்பு ஆர் சேர் தந்த?"

"ஆரிட்டயும் வாங்கினா, அதிபர் குடிக்கிறார் எண்டெல்லுவா கதைப்பாங்க?" குரலைத் தாழ்த்தினார். "அதாலதான் புள்ள சங்கத்தைத் துவங்கினன். பானையை உடைக்க முந்தி மீனுக்கெண்டு ஒரு போத்தல் எடுத்திருவன்."