பூச்சி சாரின் வாசகர்

"குறைன்னு சொல்ல ஒண்ணும் இல்லம்மா. நான் எழுதறதைத் தினமும் ஒருத்தர் படிக்கிறாங்க. எனக்கு அது போதும்."

பூச்சி சார் இப்படிச் சொன்னதும் அவளுக்கு நம்பவே முடியவில்லை. பல்கலைக்கழகத்தின் வலைப்பூ தளத்தை உருவாக்கி, ராப்பகலாய்க் கட்டி மேய்த்து வருபவள் அவள். தளத்தில் என்ன குறை, என்ன மாற்றலாம் என்று துறை துறையாகப் போய்க் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து வாங்கியதெல்லாம் வசவுதான். படம் ஏற மாட்டேன் என்கிறது, எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது, அந்தப் பச்சை நிறம் யாருடைய யோசனை என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். கவிதை எழுதும் கணக்குப் பேராசிரியரோ, "என் பக்கத்துல எப்பப் பாத்தாலும் வாசகர் முட்டைன்னே காட்டுது. உங்க மெஷினுக்கு எண்ணத் தெரியலை" என்று ஒரு பிடி பிடித்துவிட்டார்.

பூச்சியியல் துறையில், எல்லோரும் பூச்சி சார் என்று கூப்பிடும் இந்தப் பேராசிரியர் மட்டும்தான் அவளை உட்காரச் சொன்னார். உட்காருவதற்கு முன் நாற்காலியிலிருந்து ஒரு புழு டப்பாவை எடுத்து வைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"ஒரே ஒருத்தர்தானா சார்?"

"ஒரே ஆளுதான். ஆனா தவறாத ஆளு. நீங்களே பாருங்க."

கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். கம்பளிப்பூச்சி, சாணி உருட்டும் வண்டு, நேற்று எழுதிய குளவி. ஒவ்வொரு பதிவுக்கும் கீழே, எழுதியவருக்கு மட்டும் தெரியும் கணக்கில், 'வாசகர்: 1' என்று இருந்தது.

"ராத்திரி எழுதிப் போட்டுட்டுப் படுத்துடுவேன். காலைல எந்திரிச்சுப் பாத்தா, எனக்கு முன்னாடி வந்து படிச்சுட்டுப் போயிருப்பாங்க."

"விடிகாலையிலயா சார்?"

"அதாம்மா அதிசயம். ஞாயித்துக்கிழமைகூட லீவு கிடையாது அவங்களுக்கு."

அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. தளம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க அவள் ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருந்தாள். தினமும் விடிகாலையில் அது தளத்திலுள்ள எல்லாப் பக்கங்களையும் ஒருமுறை திறந்து பார்த்து மூடும். அதை வாசகர் கணக்கில் சேர்க்காதே என்று தளத்துக்குச் சொல்லிவைக்க வேண்டும். சொன்னோமா, மறந்து தொலைத்தோமா? நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் லீவு போடாமல் வருகிறதென்றால் அது வேறு யாராக இருக்க முடியும்?

"நடுவுல விட்டுடலாம்னுதான் இருந்தேன்" என்றார் பூச்சி சார். "வகுப்புல நான் வாயைத் திறந்தா பாதிப் பேர் கொட்டாவி விடறான். எழுதி மட்டும் என்ன ஆகப்போகுதுன்னு தோணுச்சு. அப்பதான் இந்த ஒண்ணு கண்ணுல பட்டுது. முட்டி வலியோட நான் செடிக்குச் செடி குனிஞ்சு பாக்கறேன்னா, அவங்களுக்காகத்தான். யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்ல முடியுமாம்மா? ஒரு நன்றி சொல்லணும்."

"பாக்கறேன் சார்" என்று எழுந்துகொண்டாள். உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை.

பதிவாளர் அறையில் வேறு கவலை காத்திருந்தது. கருத்துக் கேட்டதெல்லாம் சுருக்கமாக அவர் மேஜைக்குப் போயாக வேண்டும். அவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"படத்தைச் சரி பண்ணுங்க. பச்சையை மாத்துங்க. அப்புறம், ஈ காக்கா எட்டிப் பாக்காத பக்கமெல்லாம் எதுக்கும்மா? முட்டை, ஒண்ணுன்னு இருக்கறதையெல்லாம் இந்த மாசத்தோட மூடிடுங்க."

பூச்சி சாரின் முட்டி வலி அவள் கண்முன் வந்து நின்றது.

"ஒண்ணே ஒண்ணை மட்டும் விட்டுடுங்க சார். பூச்சி சாரோட பக்கம்."

பதிவாளர் நிமிர்ந்தார். "பூச்சி சாரோடதா? அதுக்கு எத்தனை பேரு?"

"ஒருத்தர்தான் சார்." அதற்கு மேல் மறைக்க அவளால் முடியவில்லை. "அதுவும் ஆளே இல்ல சார். என் புரோகிராம். காலைல எல்லாப் பக்கத்தையும் திறந்து பாக்கும். அதைக் கணக்குல சேர்க்காம விட மறந்துட்டேன் போல. தப்பு என்னோடது. அவர் அதை ஒரு மனுஷன்னு நெனச்சு எழுதிட்டு இருக்காரு. பக்கத்தை மூடினா மனசு உடைஞ்சு போயிடும்."

பதிவாளர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாப் பக்கத்தையும் திறக்குமா?"

"ஆமா சார்."

"அப்ப கணக்கு வாத்தியார் கவிதைக்கு மட்டும் ஏம்மா முட்டை? உங்க புரோகிராமுக்குக் கவிதை பிடிக்காதா?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தளம் அந்தப் புரோகிராமையும் வாசகராக எண்ணியிருந்தால் எந்தப் பக்கத்திலும் முட்டை இருக்க வழியில்லை. அவள் எதையும் மறக்கவில்லை. அவளுக்குச் சந்தோஷத்தில் குரல் உயர்ந்தது.

"அப்படின்னா அது நிஜமாவே ஒரு ஆளுதான் சார். யாரா இருக்கும்?"

பதிவாளரின் காது மடல் சிவந்தது. யாரும் வரவில்லையே என்று கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நான் என்னமோ ஊரே படிக்குதுன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்று முனகினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்த ஆளு தினமும் பல்லுகூடத் தேய்க்காம படிச்சுட்டு வீட்ல திட்டு வாங்கறாருன்னு பூச்சி சார்கிட்ட சொல்லுங்க. நேத்து பாதியில நிறுத்தினாரே, அந்தக் குளவி கூட்டைக் கட்டி முடிச்சுதா இல்லையான்னு கொஞ்சம் கேட்டுட்டு வாங்க."