எங்கள் ஊழியர்கள்

"எவனோ ஒருத்தன் ஒவ்வொரு நாளும் களவா வந்து என்ர வியாபாரத்தை வேவு பாக்கிறான். ஆரவன்?"

பாக்கியரத்தினம் முதலாளி கதிரையில் இருக்கவுமில்லை. உட்துறைமுக வீதியில் கிறிஸ்தோபரின் இன்ரர்நெற் கபேக்குள் கால் வைத்ததுமே தொடங்கிவிட்டார்.

"எங்க வந்து பாக்கிறான் அண்ணை?"

"நீ செய்து தந்த வெப்சைட்டிலதான். பாஸ்வேர்ட்டைப் போட்டுப் பாத்திட்டு, வெப்சைட் செய்யிற கொழும்புக் கொம்பனிக்காரன் சொன்னவன். முப்பது நாளும் ஒரே இடத்திலயிருந்து ஆரோ திறக்கினமாம். என்ர மாமியார் கூட என்னை நாளுக்கு ஒருக்கா எட்டிப் பாக்கிறேல்லை. இவனுக்கு என்ன அப்பிடி என்னில பாசம்?"

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு மரக்கறி, இறைச்சி, கயிறு, குடிதண்ணீர் ஏற்றிக் கொடுப்பது அவருடைய தொழில். ஒரு காலத்தில் அதே கப்பல்களுக்கு மூட்டை சுமந்தவர். சமாதானம் என்று எல்லோரும் நம்பிய 2002இல் ஆசைப்பட்டு ஒரு இணையத்தளம் செய்வித்தார். ஐந்து வருடம் போய்விட்டது. சண்டை திரும்பி வந்துவிட்டது. கப்பல்கள் அருமை. வருகிற ஒன்றிரண்டும் தவறினால் கடையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். தளத்திலோ இன்னும் பழைய ரெலிபோன் நம்பர், பழைய விலை.

"கொழும்பான் அடியோட அழிச்சுப் புதுசாச் செய்யச் சொல்லுறான். நீயோ இருக்கிறதைத் திருத்தினாக் காணும் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறாய். ஏன்?"

"நம்பரையும் விலையையும் மாத்தினாச் சரி அண்ணை. புதுசு உங்களுக்கு வீண் செலவு."

முதலாளியின் சந்தேகம் இரட்டித்தது. கைக்கு வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியை இந்த ஐம்பத்திரண்டு வயதுக்குள் அவர் கண்டதில்லை. இங்கே வேண்டாம் என்கிறவன் வேறு எங்கேயோ காசு வாங்குகிறான்.

"அல்பிரட்டிட்டை என்ன வாங்கினனீ?"

அல்பிரட்டும் கப்பலுக்குச் சாமான் ஏற்றுகிறவன்தான். இவருக்கு ஜென்மப் பகை.

"அநியாயமாக் கதையாதையுங்கோ அண்ணை. அவரை நான் கண்டே கனகாலம்."

"சரி, உன்ர வழிக்கே வாறன். திருத்து. ஆனா 'எங்கள் ஊழியர்கள்' எண்டு ஒரு பக்கம் கிடக்குதெல்லோ, அதை மட்டும் அழிச்சுவிடு."

மவுசில் இருந்த கிறிஸ்தோபரின் கை அப்படியே நின்றது.

"வேறை எதையெண்டாலும் அழிப்பம் அண்ணை. அது கிடக்கட்டும்."

"ஆ, பிடிச்சிட்டன்!" முதலாளி மேசையில் ஓங்கி அடித்தார். "அவனும் நாளாந்தம் அந்தப் பக்கத்தைத்தான் பாக்கிறானாம். அதில என்ன கிடக்குது? ஆறு பேரின்ர படம், பேர், துறைமுகப் பாஸ் நம்பர். அதை வைச்சு மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதப்போறான். பாஸ் இல்லாமல் துறைமுகக் கேற்றைத் தாண்ட ஏலுமே? என்ர பிழைப்பில மண் போடுறதுக்கு நீயும் உடந்தை!"

இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளிக்கு அது வசதியாகப் போய்விட்டது. சாட்சி வைத்துப் பேரம் பேசிப் பழகியவர்.

"இவ்வளவு பேருக்கு முன்னால சொல்லு. எங்கையிருந்து பாக்கினம் எண்டு உனக்குத் தெரியுமோ, தெரியாதோ?"

"தெரியும் அண்ணை."

"எவ்விடம்?"

"இவ்விடம்தான்."

கிறிஸ்தோபர் மூலைப் பக்கம் கையைக் காட்டினான். கடைசிக் கொம்பியூட்டருக்கு முன்னால் ஒரு பெண் இருந்தாள். திரையில் ஆறு ஆண்கள் லொறிக்கு முன்னால் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓகோ! பொம்பிளையை வைச்சோ வேவு?" என்று பாய்ந்து போனவர், அவள் திரும்பியதும் தடக்கென்று நின்றார்.

சாம்பல்தீவுப் புஸ்பராணி. இவருடைய லொறியில் சாமான் ஏற்றிய குணரத்தினத்தின் மனைவி. ஒன்பது மாதத்துக்கு முன்னர் ஒரு பின்னேரம் வேலை முடிந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்ட குணரத்தினம் வீடு போய்ச் சேரவில்லை.

"காணாமல் போனவர் எண்டு பதியப் போன இடத்தில, எங்கை வேலை செய்தவர், அண்டைக்கு வேலைக்குப் போனவரோ எண்டு அத்தாட்சி கேட்டவையாம்" என்றான் கிறிஸ்தோபர். "இந்தப் பக்கத்தைப் பிரின்ற் எடுத்துக் குடுத்தனான். இதை ஆரும் கொம்பியூட்டரில அடிக்கலாம் எண்டு திருப்பிவிட்டினம். வேறை ஒரு துண்டுக் கடதாசியும் அவவிட்டை இல்லை. ஆரும் இதையும் அழிச்சுப்போடுவினமோ எண்டு பயத்தில ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு வந்து பாத்திட்டுப் போவா."

எல்லோருடைய கண்ணும் முதலாளியில்.

அவர் தொண்டையைச் செருமினார். குரலில் தேன் ஊறியது.

"என்ன பிள்ளை இது? இதுக்கேன் இந்தப் பாடு? நேர என்னட்டை வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் மாட்டன் எண்டோ சொல்லப்போறன்?"

புஸ்பராணி எழுந்தாள். பிரின்ரரில் இருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி அவருக்கு முன்னால் வைத்தாள். கிறிஸ்தோபரின் பேனையை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"மூண்டு தரம் வந்து கேட்டனான் முதலாளி. காணாமல் போனவர் உங்கட ஆள் எண்டு தெரிஞ்சா துறைமுகப் பாஸ் போயிடும் எண்டு சம்பள இடாப்பில அவற்ர பேரை வெட்டிப்போட்டு, 'அப்பிடி ஒருத்தன் என்னட்டை வேலை செய்யவேயில்லை' எண்டு சொல்லி அனுப்பினனீங்கள். இப்ப இவ்வளவு பேருக்கு முன்னால கேக்கிறன். பதினொரு வருசம் உங்களிட்டை வேலை செய்தவர், அண்டைக்கும் வந்தவர் எண்டு எழுதிக் கையெழுத்து வையுங்கோ!"