கரண்ட் பில்

"அத்தை கடையிலேர்ந்து வர்றதுக்குள்ள சரி பண்ணிக் குடுத்துடுங்க சார்!"

கம்ப்யூட்டர் மெக்கானிக் இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னம்மா பிரச்சினை?"

அவள் வாய் திறப்பதற்குள் திரையின் மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. 'உங்கள் மணமகன் உங்களுக்காகக் காத்திருக்கிறார்!'

"இதுதான். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இது வந்து நிக்குது. நேத்து ஆன்லைன் ஆபீஸ் மீட்டிங்ல எல்லாரும் பார்த்துட்டாங்க. நெட்டும் நத்தை மாதிரி நகருது."

சுவரில் மாலை போட்ட ஒரு இளைஞனின் படம். அவள் கணவன். போய் இரண்டு வருடம் ஆகிறதாம். வீட்டில் இப்போது அவளும் மாமியாரும் மட்டும்தான்.

"அத்தை பார்த்தாங்கன்னா நான்தான் தேடறேன்னு நினைச்சுப்பாங்க. சத்தியமா நான் அந்தப் பக்கமே போனதில்லை சார்."

"தானா வராதும்மா. யாராவது அந்த சைட்டுக்குப் போய் 'அனுமதி'ன்னு அழுத்தியிருக்கணும். உங்க அத்தை இதைத் தொடுவாங்களா?"

"அவங்களா? நியூஸ் பார்க்கவே என்னைத்தான் ஆன் பண்ணச் சொல்வாங்க."

மெக்கானிக் தலையாட்டிக்கொண்டார். எந்த வீட்டில் எந்தக் கோளாறு என்றாலும் அவர் கேட்கும் முதல் பதில் 'நான் தொடவே இல்லை' என்பதுதான்.

அனுமதியை ரத்து செய்தார். பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு விளம்பரப் புரோகிராம்களைக் கழற்றிப் போட்டார். பக்கங்கள் சட்டென்று திறந்தன.

அவள் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். அப்போதுதான் புக்மார்க் வரிசையின் கடைசியில் 'கரண்ட் பில்' என்று ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டது. திறந்து பார்த்தார்.

பில் ஒன்றையும் காணோம். பதினொரு மாப்பிள்ளைகள். போட்டோ, வேலை, உயரம், குடும்ப விவரம்.

அவருக்குப் பாவமாக இருந்தது. முப்பது வயதுகூட இருக்காது இந்தப் பெண்ணுக்கு. ஆசைப்பட்டால்தான் என்ன தப்பு? ஆனால் மாமியார் கண்ணில் பட்டால் வீடு ரெண்டுபட்டுவிடும். அவள் வருவதற்குள் ஃபோல்டரை அப்படியே அழித்தார். கையோடு ஹிஸ்டரியையும் துடைத்தார்.

வெளியே கேட் சத்தம் கேட்டது. மாமியார் பையோடு உள்ளே வந்தாள்.

"யாரு இது?"

"கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்திருக்கார் அத்தை. நெட் சரியா வரலை, அதான்..."

"என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டியா? என்ன பண்ணாரு அதுல?"

"வேண்டாத குப்பையை எல்லாம் எடுத்துட்டேன்மா" என்றார் மெக்கானிக், மருமகளைக் காப்பாற்றும் அவசரத்தில்.

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம."

மாமியாரின் முகம் சுண்டிப் போனது. பையைத் தொப்பென்று வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். துருவிப் பார்க்க நினைத்திருப்பாள் போல, நல்லவேளை முந்திக்கொண்டோம் என்று நினைத்தபடி மெக்கானிக் கிளம்பினார்.

வண்டியைக் கிளப்பும்போது மாமியார் அவசர அவசரமாக வெளியே வந்தாள். ஒருமுறை வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, அதுல கரண்ட் பில்லுன்னு ஒண்ணு இருந்துச்சே, அதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? அவ குளிக்கப் போற கால் மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கும். ஆறு மாசமா தட்டுத் தடுமாறிச் சேர்த்தது."

மெக்கானிக் வண்டியை நிறுத்தினார்.

"அம்மா, அது... நீங்களா?"

"பின்னே வேற யாரு? சொன்னா, உங்களைத் தனியா விட்டுட்டு எங்கேயும் போக மாட்டேன்னு அழுவா. ஒரு நல்ல இடமா அமைஞ்ச பிறகு சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சும்மா ஒண்ணும் சேர்க்கலை தம்பி. பதினொண்ணும் மாமியார் இல்லாத வீடாப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வெச்சிருந்தேன்!"